கொக்குக்குப் பின்னால் நின்ற தடிகள்

போன மாதம் எங்கள் குழுவின் சின்னக் கண்காட்சி ஒன்றுக்குப் படங்கள் தெரிவுசெய்துகொண்டிருந்தோம். வந்து சேர்ந்தவற்றில் ஒன்று பார்த்தவுடனேயே எல்லாருக்கும் பிடித்துப்போனது. பண்ணைப் பாலத்தடியில் பின்னேரம் எடுத்த படம். ஆழமில்லாத தண்ணீரில் ஒரு வெள்ளைக் கொக்கு தனியாக நிற்கிறது. பின்னால் கடலும் வானமும் ஒரே செம்மஞ்சள். வேறு ஒன்றுமே இல்லை. "இதைத்தான் வாசலில மாட்ட வேணும்" என்று முடிவெடுத்த பிறகுதான் எடுத்த நண்பன் சாதாரணமாகச் சொன்னான்: "பின்னால சிறகு வலைத் தடியள் வரிசையா நிண்டது. வடிவில்லாமல் கிடந்தது. ஃபோனிலயே அழிச்சிட்டன்."

அதோடு சண்டை தொடங்கியது. "இல்லாததைக் காட்டினால் அது பொய்தானே" என்றது ஒரு கட்சி. "படம் எண்டால் கலை. ஓவியன் தடியை வரையாமல் விட்டால் ஆராவது கேட்பினமோ?" என்றது மற்றக் கட்சி. இரண்டு தேநீர் முடிந்தும் சண்டை முடியவில்லை. கடைசியில், இதைப் பற்றி முந்தி ஆட்கள் என்ன சண்டை பிடித்தார்கள் என்று தேடி வாசிப்போம் என்று கலைந்தோம். வாசித்த பிறகு விளங்கியது, நாங்கள் பிடித்த சண்டைக்குக் குறைந்தது 130 வயது. அதோடு அந்தச் சண்டையின் ஒரு பகுதி இலங்கையிலும் தமிழிலும் நடந்திருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

வானத்தை ஒட்டிய ஆட்கள்

டிஜிற்றல் வந்த பிறகுதான் படத்தில் விளையாட்டுக் காட்டத் தொடங்கினார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அது பிழை. 19ஆம் நூற்றாண்டின் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை அளவுக்கு மிஞ்சி வாங்கின. அதனால் நிலத்துக்குச் சரியாக ஒளி கொடுத்தால் வானம் முழுக்க வெளிறிப்போகும், முகில் ஒன்றும் தெரியாது. 1850களில் பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே இதற்கு ஒரு வழி கண்டார். கடலை ஒரு தகட்டிலும் வானத்தை வேறொரு தகட்டிலும் எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். ஆனால் அந்தக் கடலும் அந்த வானமும் ஒரே கணத்தில் சேர்ந்து இருந்ததே இல்லை.

இங்கிலாந்தில் ஹென்றி பீச் ரொபின்சன் இன்னும் ஒரு படி மேலே போனார். 1858இல் அவர் காட்டிய ஒரு படம், நோயில் கிடக்கும் இளம்பெண்ணையும் சுற்றி நிற்கும் வீட்டாரையும் காட்டுவது, ஐந்து தகடுகளை ஒட்டிச் செய்தது. 1869இல் அவர் எழுதிய நூல், புகைப்படக்காரரும் ஓவியரைப் போலத் திட்டமிட்டுப் படத்தைக் கட்ட வேண்டும் என்று சொன்னது. எங்கள் நண்பன் அன்று பேசியது அச்சொட்டாக ரொபின்சனின் கட்சி. பாவம், அவனுக்கு ரொபின்சனை ஆர் எண்டே தெரியாது.

இதற்கு எதிராக 1889இல் பீற்றர் ஹென்றி எமர்சன் என்ற மருத்துவர் ஒரு நூல் எழுதினார். ஒட்டுவேலை எல்லாம் பொய், இயற்கையிடம் நேரே போக வேண்டும் என்பது அவர் வாதம். இங்கிலாந்தின் நோஃபோக் சதுப்புநிலங்களில் நாணல் வெட்டுபவர்களையும் ஓடக்காரரையும் அவர்களுடைய இடத்திலேயே வைத்துப் படம் எடுத்தவர் அவர். இங்கேதான் எங்களுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. உள்ளதை உள்ளபடி காட்டச் சொன்ன எமர்சன், படம் முழுவதும் கூர்மையாக இருக்கக்கூடாது என்றும் சொன்னார். மனிதக் கண் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் தெளிவாகப் பார்ப்பதில்லை. ஆகவே முக்கியமானது தெளிவாகவும் மற்றது கொஞ்சம் மங்கலாகவும் இருப்பதுதான் உண்மை என்றார். அதாவது அவருடைய 'உண்மை' பொருளில் இல்லை, பார்க்கும் கண்ணில் இருந்தது. கண்ணில் இருக்கிறது என்றால் அதுவும் ஒரு வியாக்கியானம்தானே?

அடுத்த வருடமே, 1890இல், எமர்சன் தன் கொள்கையைத் தானே கைவிட்டு, கறுப்புக் கரை போட்ட ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். மரண அறிவித்தல் மாதிரி! புகைப்படத்தின் ஒளிநிழல் அளவுகள் இரசாயனத்துக்குக் கட்டுப்பட்டவை, எடுப்பவர் நினைத்தபடி வளைக்க முடியாதவை என்று அப்போது வந்த ஆய்வுகள் காட்டியதும் இதற்கு ஒரு காரணம். புகைப்படம் கலையே அல்ல என்ற முடிவுக்கு வந்துவிட்டார். ஆனால் படம் எடுப்பதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

களுத்துறையில் ஒரு தென்னோலை

இனி எங்கள் தீவுக்கு வருவோம். உயர்தரத்தில் வரலாறு படித்தவர்களுக்குக் கோல்புறூக்–கமரன் சீர்திருத்தம் மறந்திருக்காது. 1833, சட்டநிரூபண சபை, புள்ளிகளுக்காகப் பாடமாக்கியது. அந்தக் கமரனின் மனைவி ஜூலியா மார்கரெட் கமரன், 19ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய புகைப்படக் கலைஞர்களில் ஒருவர் என்று எங்கள் பாடப்புத்தகம் சொல்லித் தரவில்லை. 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்து, மலைநாட்டில் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய படங்கள் மங்கல் என்று லண்டனில் பலர் குறை சொல்லியிருந்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

அவர் களுத்துறையில் இருந்தபோது, 1877இல், மரியான் நோர்த் அங்கே வந்தார். உலகம் சுற்றித் தாவரங்களை அவை வளரும் இடத்திலேயே வைத்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்தவர் நோர்த். இலை, பூ, காய் எல்லாம் அடையாளம் காணக்கூடியபடி இருக்கும். கமரன் அவரை விட்டாரா? கம்பளிச் சால்வையைச் சுற்றி, தலைமயிரை அவிழ்த்து விட்டு, தென்னோலைகளுக்கு நடுவில் நிற்க வைத்துப் படம் எடுத்தார். ஓலையின் முனை தலையில் குத்த, வெயிலில் அசையாமல் நிற்கச் சொன்னதை நோர்த் பிறகு தன் நினைவுக் குறிப்பில் சிரிப்போடு எழுதியிருக்கிறார்.

இந்தக் காட்சி எங்கள் சண்டைக்கு அப்படியே பொருந்துகிறது. ஒருவருக்குத் தென்னை என்பது பார்த்து அறிய வேண்டிய ஒரு தாவரம். மற்றவருக்கு அது பின்திரை. அதே காலத்தில் ஸ்கீன், ஸ்கோவன் போன்ற ஸ்ரூடியோக்கள் பனை, தென்னை, மூங்கில் படங்களைப் பயணிகளுக்கும் தோட்டத்துரைமாருக்கும் விற்றுக்கொண்டிருந்தன. பார்த்தால் நேர்மையான, கூர்மையான, ஒட்டுவேலை இல்லாத படங்கள். ஆனால் அவற்றில் வரும் மனிதர்கள் பெரும்பாலும் மரத்தின் உயரத்தைக் காட்ட நிறுத்திவைத்த அளவுகோல்கள் மாதிரி நிற்பார்கள். பேர் இருக்காது. ஒட்டாத படமும் ஒன்றை மறைக்கலாம் என்று எங்களுக்கு முதல் முதலில் தோன்றியது இதைப் பார்த்தபோதுதான்.

அரை நூற்றாண்டு கழித்து வந்தவர் லயனல் வென்ற். 1900இல் கொழும்பில் பிறந்தவர். சட்டம் படித்தவர், பியானோ வாசித்தவர், கமராவோடு வாழ்ந்தவர். தேயிலைப் பிரசார சபையின் பணத்தில் பசில் றைற் 1934இல் எடுத்த 'இலங்கைப் பாடல்' ஆவணப்படத்தில் கேட்கும் குரல் இவருடையதுதான். வென்ற் கடற்கரை, தென்னை, வள்ளம், உழைக்கும் உடல்கள் எல்லாவற்றையும் எடுத்தார். சில படங்களை அப்படியே அச்சிட்டார். சிலவற்றில் பாதி கழுவிய படத்துக்கு இருட்டறையில் திரும்ப ஒளி காட்டி, ஓரங்களில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் புரளச் செய்தார். சிலவற்றில் இரண்டு மூன்று காட்சிகளை ஒன்றாக்கினார். 1944இல் அவர் இறந்த பிறகு அவருடைய நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. 1950இல் வந்த நூலும் மிஞ்சிய அச்சுகளும்தான் இன்று எங்களிடம் இருப்பவை.

வென்றின் அந்தப் படங்களைப் பார்த்து ஒருவரும் 'ஏமாற்றிவிட்டார்' என்று சொன்னதாகக் கேள்விப்படவில்லை. ஏன்? ஒளி புரண்டு கிடக்கும் படம், தான் கண்டது இப்படி இல்லை என்பதைத் தானே சொல்லிவிடுகிறது. மறைப்பு இல்லை. எங்கள் நண்பனின் கொக்குப் படமோ 'பண்ணையில் நான் கண்டது இதுதான்' என்று முகத்தைப் பார்த்துச் சொல்கிறது.

கறுப்பு வெள்ளை யானைகள்

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுவதும் சுமந்தவர் மா. கிருஷ்ணன் (1912–1996). 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். சென்னையில் தாவரவியல் படித்தார். 1950 முதல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கை பற்றி எழுதிய பத்தியை 46 வருடம் நிறுத்தாமல் எழுதினார். அவர் இறந்த நாளிலும் அந்தப் பத்தி வெளிவந்திருந்தது. தமிழிலும் எழுதினார். தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' எங்கள் வயது ஆட்கள் தேடி வாசிக்க வேண்டிய புத்தகம்.

கிருஷ்ணனின் கமரா ஒரு பகிடி. பல கமராக்களின் பாகங்களைத் தானே பொருத்திச் செய்த பெரிய பாரமான சாமான். அதற்கு 'சூப்பர் பொண்டெரோசா' என்று பேரும் வைத்திருந்தார். அதோடு காட்டுக்குள் போய் யானை, காட்டெருது, மான் எல்லாம் எடுத்தார். தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளைப் பற்றி 1960களின் கடைசியில் அவர் செய்த ஆய்வுக்கு அந்தப் படங்களே சான்று. அந்த விலங்கு அங்கே இருந்தது, அப்படி நடந்துகொண்டது என்பதற்கான சாட்சி.

ஆனால் கலர் பிலிம் வந்த பிறகும் கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையை விடவில்லை. யானை உண்மையில் கறுப்பு வெள்ளையா? காடு சாம்பல் நிறமா? நிறத்தை முழுதாக அழித்த படத்தை நாங்கள் சாட்சியாக ஏற்கிறோம். நாலு தடியை அழித்த படத்தைப் பொய் என்கிறோம். இது விநோதம்தான். ஆனால் யோசித்தால் விடை இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்க்கிற எல்லாருக்கும் நிறம் எடுக்கப்பட்டது தெரியும். அந்த விலங்கைப் பற்றி கிருஷ்ணன் சொல்ல வந்த எதையும் அது கெடுக்கவில்லை. நிறம் போனதால் உருவமும் தோலின் சுருக்கமும் நிற்கும் விதமும் கூடுதலாகத் தெரிகின்றன. தன் பத்திக்குப் பேனாவால் அவரே கோட்டோவியங்களும் வரைந்தார். பறவையை அறிந்தவர் நாலு கோட்டில் வரைந்தாலும் அது அந்தப் பறவைதான்.

ஆகவே 'மாற்றினாயா இல்லையா' என்று கேட்பதில் பிரயோசனம் இல்லை. மாற்றாத படமே கிடையாது. பார்க்கிறவருக்கு என்ன வாக்குக் கொடுத்தாய், அதைக் காப்பாற்றினாயா என்றுதான் கேட்க வேண்டும். 2018இல் நடந்ததையும் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறோம். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் முந்தின வருடம் ஒரு பிரிவில் வென்ற படம் அந்த வருடம் நீக்கப்பட்டது. பிரேசில் நாட்டு எறும்புண்ணி ஒன்று, ஒளிரும் கறையான் புற்றுக்குப் பக்கத்தில் நிற்கும் இரவுக் காட்சி. அந்த எறும்புண்ணி பாடம் செய்து வைத்த உடல் என்று அருங்காட்சியகம் முடிவு செய்தது. எடுத்தவர் மறுத்தார். படத்தில் ஒரு புள்ளியும் அழிக்கப்பட்டதாக ஒருவரும் சொல்லவில்லை. உயிர் இருக்கிறது என்ற வாக்குத்தான் அங்கே கேள்விக்குள்ளானது.

நெடுந்தீவுக் குதிரை இயற்கையா?

போட்டிக்காரர்கள் இதை விதியாக எழுதிவைத்திருக்கிறார்கள். சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு, அமெரிக்கப் புகைப்படச் சங்கம், பிரித்தானியாவின் ரோயல் புகைப்படச் சங்கம் மூன்றும் சேர்ந்து ஒப்புக்கொண்ட 'இயற்கைப் புகைப்படம்' என்பதன் வரைவிலக்கணம் 2015 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. எதையும் சேர்க்கவோ அழிக்கவோ இடம் மாற்றவோ கூடாது. ஓரத்தை வெட்டலாம், கறுப்பு வெள்ளையாக்கலாம். மனிதர் செய்த பொருள் படத்தில் இருக்கக்கூடாது. அந்தப் பொருள் இயற்கைக் கதையின் பிரிக்க முடியாத பகுதியாக இருந்தால் மட்டும் விலக்கு உண்டு. பயிரிட்ட தாவரம், வளர்ப்பு விலங்கு, வளர்ப்பிலிருந்து காட்டு வாழ்க்கைக்குத் திரும்பிய விலங்கு எல்லாம் தள்ளுபடி.

வாசித்தவுடன் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. இந்த விதியின்படி யாழ்ப்பாணத்தில் என்ன மிஞ்சும்? நெடுந்தீவுக் குதிரைகளை எடுங்கோ. ஐரோப்பியர் காலத்தில் வளர்ப்புக்கு வைத்திருந்த குதிரைகளின் சந்ததி அவை. விதிப்படி அவை இயற்கை இல்லை. ஆனால் அதே 2015இல்தான் அரசாங்கம் நெடுந்தீவின் ஒரு பகுதியைத் தேசிய பூங்காவாக அறிவித்தது. அராபிய வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்குமரம், நட்டு வளர்த்த பனை, பவளக்கல் மதில்கள் எல்லாவற்றிலும் மனிதக் கை இருக்கிறது. எங்கள் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை, அடர்காடு இல்லை. கிணறு, குளம், வேலி, வடலி, கடல்நீரேரி என்று ஆட்களும் மற்ற உயிர்களும் பின்னிப் பிணைந்த நிலம் இது. மனிதக் கை படாத இயற்கையைக் காட்டு என்று இந்த நிலத்திடம் கேட்டால், இது பொய்தான் சொல்லும்.

அந்தப் பொய்யைச் சொல்ல ஃபோனில் அழிக்கத் தேவையில்லை. கமராவைக் கொஞ்சம் திருப்பினால் போதும். கடலைப் பின்னால் வைத்து ஓடும் குதிரைகளின் படங்கள் பேஸ்புக் முழுக்க இருக்கின்றன. வறட்சியில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் குதிரைகள் செத்த செய்திகளும் வந்திருக்கின்றன. ஆனால் அந்தச் செய்தியின் படத்தை ஒருவரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை.

இன்னும் பாரமான ஒரு உதாரணம் வலிகாமம் வடக்கு. 1990இல் சனம் இடம்பெயர்ந்த பிறகு அந்தக் கரையோரம் உயர் பாதுகாப்பு வலயமாகிப் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. போருக்குப் பிறகு துண்டு துண்டாக விட்டார்கள். மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில்தான் திரும்பக் கிடைத்தது. முதலில் போய்ப் பார்த்தவர்கள் கண்டது பற்றையும் மரமும் மூடிய வீடுகள். சுவரைப் பிளந்து ஆல் வளர்ந்து நின்றது. அந்தப் பற்றையை மட்டும் சட்டகத்துக்குள் வைத்து எடுத்தால், ஒரு புள்ளியும் மாற்றாத அருமையான 'இயற்கைப் படம்' கிடைக்கும். விதிகளும் ஏற்கும். ஆனால் அந்தப் பச்சை எப்படி வந்தது? ஆட்களை எழுப்பியதால் வந்தது. அதைச் சொல்லாத படம் கூர்மையாக இருந்து என்ன பயன்?

ஆற்றை வலை?

எங்கள் கொக்குக்குத் திரும்பி வருவோம். எங்களில் ஒருவரின் பெரியப்பா குருநகரில் கடல்தொழில் செய்கிறவர். ஒருநாள் அவருக்கு இரண்டு படத்தையும் காட்டினோம். தடி அழித்த படத்தைப் பார்த்து, "வடிவா இருக்கு தம்பி" என்று திருப்பித் தந்தார். மற்றதை வாங்கியவர் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். கொக்கைப் பார்க்கவில்லை. தடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இது ஆற்றை வலை? ஒழுங்கா வைச்சிருக்கிறான்" என்றார். பிறகு சொன்னார்: "சிறகு கிடக்கிறபடியாத்தான் கொக்கு அதில நிக்குது. மீன் அணையிற இடம் அதுக்குத் தெரியும்."

எங்களுக்கு முகத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. தடியை அழித்தபோது அழிந்தது அழகில்லாத ஒரு மூலை என்றுதான் இரண்டு கட்சியும் நினைத்திருந்தோம். அழிந்தது கொக்கு அங்கே நின்றதற்கான காரணம். ஒருவருடைய தொழிலும் கூடவே அழிந்தது. மூன்று சங்கங்களும் எழுதிய விதியில்கூட இந்தத் தடிக்கு இடம் உண்டு, இது இயற்கைக் கதையின் பிரிக்க முடியாத பகுதி. ஆனால் அது பகுதி என்று அறிய, விதியை வாசித்தால் போதாது, கடலை அறிந்தவரிடம் கேட்க வேண்டும்.

தடிகளுக்கு இன்று வேறொரு கனமும் இருக்கிறது. கடல்நீரேரியில் இப்போது நிற்பவை எல்லாம் சிறகு வலைத் தடிகள் இல்லை. கடலட்டைப் பண்ணை வேலிகளும் நிற்கின்றன. அவை தங்கள் தொழிலிடத்தை மறிக்கின்றன என்று 2022இல் கிராஞ்சியில் மீனவர்கள் போராடினார்கள். எந்தக் கரையில், எந்த வருடம், எந்தத் தடி நின்றது என்பது நாளைக்கு ஒரு வழக்கில் தேவைப்படலாம், ஒரு வரலாற்று மாணவருக்கும் தேவைப்படலாம். நோஃபோக்கின் நாணல் வெட்டியவர்களை நாங்கள் இன்று பார்ப்பது எமர்சன் அவர்களை வெட்டி எறியாததால்தான்.

இதற்காக ஒருவரும் வென்ற் மாதிரி இருட்டறையில் விளையாடக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. விளையாடுங்கோ. தடியை நீலமாக்குங்கோ, கொக்கைத் தலைகீழாக்குங்கோ. பார்க்கிறவருக்கு அது விளையாட்டு என்று தெரிந்தால் சரி. சாட்சி சொல்கிற குரலில் பேசும் படம் என்றால் மட்டும், எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று கீழே ஒரு வரி எழுதுவோம். இடத்தையும் திகதியையும் எழுதுவோம். அதற்கு முதல், அந்த இடத்தில் வாழ்கிறவர் ஒருவரிடம் படத்தைக் காட்டி, "இதில என்ன தெரியுது?" என்று கேட்போம்.

கண்காட்சியில் இரண்டு படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினோம். கீழே இடம், நேரம், பிறகு 'இடப்பக்கப் படத்தில் சிறகு வலைத் தடிகள் அழிக்கப்பட்டுள்ளன' என்று ஒரு வரி. வந்தவர்களில் கனபேர் அந்த வரியை வாசித்துவிட்டுத் திரும்ப இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நண்பனுக்கு இன்னும் தன்னுடைய படம்தான் வடிவு. அதில் எங்களுக்கும் மறுப்பில்லை. ஆனால் போன கிழமை அவன் மண்டைதீவுப் பக்கம் போய் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பிய புதுப் படத்தில் தடிகள் முன்னால் நிற்கின்றன. கொக்கு தூரத்தில் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி.